பேஸ்மெண்டிலிருந்து ஸ்டாக்ஹோம் வரை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டதும் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். காதல் கவிதைக்கு நம்ம காலேஜில் பஞ்சமில்லை. ஜோக்ஸ் பக்கத்துக்கும் ஆள் இருக்கு. ஆகவே ஒரு மனிதரின் கதையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அவர் எஞ்சினியர் அல்ல, உயிரியல் விஞ்ஞானி. பெயர் ஹோவர்ட் டெமின்.

ஐயோ, பயாலஜியா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! பத்தாம் வகுப்போடு அந்தப் பாடத்துக்கும் நமக்கும் உறவு முடிந்துபோனது எனக்கும் தெரியும். ஆனால் இது நம்ம ட்ராயிங் ஹாலுக்கும் ஒர்க் ஷாப்புக்கும் ரொம்பப் பக்கத்தில் இருக்கிற கதை. கேளுங்கள்.

கோழியில் தொடங்கிய வழக்கு

டெமின் பிறப்பதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே கதை தொடங்கிவிட்டது. 1909-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்துக்குக் கட்டி வந்த கோழி ஒன்று வந்து சேர்ந்தது. பெய்டன் ரவுஸ் என்ற இளம் டாக்டர் அந்தக் கட்டியை அரைத்து, உயிரணுக்கள்கூட நுழைய முடியாத மெல்லிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது! உயிரணுவை விடச் சின்னதான ஏதோ ஒன்று, அதாவது வைரஸ், புற்றுநோயை உண்டாக்குகிறது என்று 1911-ல் எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழிக்கு வருவதை வைத்து மனுஷனுக்கு என்ன சொல்ல முடியும் என்று ஒதுக்கினார்கள். 55 ஆண்டுகள் கழித்து, 1966-ல், 87 வயதில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு ஏரியர் பேப்பர் ரிசல்ட்டுக்கு நாம் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள்!

அந்தக் கோழி வைரஸ்தான் டெமினின் வாழ்க்கையையே பிடித்துக்கொண்டது.

படிப்பு

1934 டிசம்பர் 10-ம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டெமின் பிறந்தார். அப்பா வக்கீல், அம்மா பொதுக் காரியங்களில் ஈடுபாடு உள்ளவர். மூன்று பிள்ளைகளில் இவர் நடுப்பிள்ளை. பள்ளியில் படிக்கும்போதே கோடை விடுமுறைகளில் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். சோதனை எலிகளுக்குப் பேர் போன இடம் அது. ஸ்வார்த்மோர் கல்லூரியில் உயிரியல் படித்து 1955-ல் பட்டம் பெற்றார். முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது வயது 18. நம்மில் பலர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிற வயசு!

பிறகு கலிபோர்னியாவின் கால்டெக். அங்கே ரெனாட்டோ டுல்பெக்கோ என்ற இத்தாலியப் பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹாரி ரூபின் என்ற மூத்த ஆய்வாளரோடு சேர்ந்து 1958-ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கண்ணாடித் தட்டில் கோழிக்கரு உயிரணுக்களை ஒரே அடுக்காக வளர்க்க வேண்டும். அதன்மேல் ரவுஸ் வைரஸை விட வேண்டும். வைரஸ் புகுந்த உயிரணு உருமாறி, கட்டுப்பாடு இல்லாமல் பெருகிக் குவியும். அந்தக் குவியல்களை எண்ணினால் எத்தனை வைரஸ் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். அதுவரை ஒரு கட்டி வருமா வராதா என்று கோழியோடு காத்திருந்த ஆராய்ச்சி, இப்போது மேஜைமேல் எண்ணிக் கணக்குப் போடுகிற ஆராய்ச்சியாக மாறியது. அளக்க முடிந்தால்தானே வேலை சுத்தமாக வரும்? வெர்னியர் பிடித்த நமக்குச் சொல்லவா வேண்டும்!

எண்ணிக்கொண்டே இருந்தவர் ஒன்றைக் கவனித்தார். சற்று மாறுபட்ட வைரஸ் புகுந்தால் உயிரணுவின் வடிவமும் வேறு மாதிரி மாறியது. ஒன்றில் உருண்டை, இன்னொன்றில் நீளம். அந்த உயிரணு பிரிந்து பெருகினாலும் அதே வடிவம் வாரிசுக்குப் போனது. அப்படியானால் வைரஸின் மரபுச் செய்தி உயிரணுவின் சொந்தச் சொத்தில் கலந்துவிடுகிறதோ? இந்தச் சந்தேகம் அவரை விடவே இல்லை.

புளூபிரிண்டும் ஒரிஜினலும்

இங்கேதான் நம்ம ட்ராயிங் ஹால் வருகிறது. ஒரு கம்பெனியில் ஒரிஜினல் வரைபடம் ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து புளூபிரிண்ட் எடுத்து மெஷின் ஷாப்புக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஆபரேட்டர் ஜாப் செய்வார். உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். ஒரிஜினல் என்பது டி.என்.ஏ. புளூபிரிண்ட் என்பது ஆர்.என்.ஏ. முடிந்த ஜாப் என்பது புரதம். செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குப் போகும், அங்கிருந்து புரதத்துக்குப் போகும். இது ஒருவழிப் பாதை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பாடம் நடத்தினார்கள்.

சிக்கல் என்னவென்றால், ரவுஸ் வைரஸிடம் இருப்பது ஆர்.என்.ஏ. மட்டும்தான். அதாவது வெறும் புளூபிரிண்ட். புளூபிரிண்ட்டைக் கொண்டுபோய் ஒரிஜினல் பீரோவில் எப்படிச் சொருக முடியும்?

1960-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் புற்றுநோய் ஆய்வகத்தில் டெமின் வேலைக்குச் சேர்ந்தார். கொடுத்த இடம் எது தெரியுமா? பேஸ்மெண்ட்! ஒரு அறையில் கழிவு நீர் சேரும் குழி, இன்னொரு அறையில் கட்டடம் முழுவதுக்குமான நீராவிக் குழாய்கள். அங்கே உட்கார்ந்துதான் வேலை செய்தார். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி என்ற மருந்தை, வைரஸ் புகுந்த உயிரணுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். டி.என்.ஏ.வோடு சம்பந்தமே இல்லாத வைரஸ் என்றால் அது பாட்டுக்குப் பெருக வேண்டும். ஆனால் வைரஸ் உற்பத்தி நின்றுபோனது. 1964-ல் தைரியமாக அறிவித்தார்: இந்த வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஒரு டி.என்.ஏ.வை எழுதி, அதை உயிரணுவின் டி.என்.ஏ.வோடு சேர்த்துவிடுகிறது.

ஒரிஜினலையே தலைகீழாக வரைந்து பீரோவில் சொருகுகிற திருட்டு வேலை!

ஆறு வருஷம்

யாரும் ஏற்கவில்லை. மருந்து உயிரணுவையே கெடுத்திருக்கலாம், ஆதாரம் போதாது என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் ஆதாரம் அப்போது சுற்றி வளைத்ததாகத்தான் இருந்தது. அதை டெமினும் உணர்ந்தே இருந்தார். அதனால் அவர் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த சோதனைக்குப் போனார். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் இல்லை... ஆறு வருஷம்.

பிறகு ஜப்பானிலிருந்து சடோஷி மிசுடானி என்ற ஆய்வாளர் வந்து சேர்ந்தார். உயிரணுவில் புதிய புரதம் உருவாகவிடாமல் தடுத்தாலும் வைரஸின் டி.என்.ஏ. உருவாகிறது என்று அவரது சோதனையில் தெரிந்தது. அப்படியென்றால் அந்த வேலையைச் செய்யும் கருவி உயிரணுவில் புதிதாகத் தயாராவதில்லை, வைரஸ் தன் பையிலேயே கொண்டு வருகிறது! இருவரும் சுத்தம் செய்த வைரஸை எடுத்து, அதன் உறையைச் சோப்பு போன்ற பொருளால் திறந்து, டி.என்.ஏ. செய்யத் தேவையான மூலப்பொருள்களைக் கொடுத்தார்கள். சோதனைக் குழாயில் டி.என்.ஏ. உருவானது. முன்னதாகவே ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதியைக் கொடுத்தால் உருவாகவில்லை. வேறு என்ன சாட்சி வேண்டும்?

1970 மே மாதம் ஹூஸ்டன் நகரில் நடந்த சர்வதேசப் புற்றுநோய் மாநாட்டில் இதை அறிவித்தார். அதே சமயம் எம்.ஐ.டி.யில் டேவிட் பால்டிமோர் தனியாக எலி வைரஸில் இதே நொதியைக் கண்டுபிடித்திருந்தார். ஜூன் 27-ம் தேதி நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகளும் அடுத்தடுத்து வந்தன. இதில் ஒரு வேடிக்கை... பள்ளி மாணவனாக பால்டிமோர் ஜாக்சன் ஆய்வகக் கோடை முகாமுக்குப் போனபோது, அங்கே வழிகாட்டியாக இருந்தவர் நம்ம டெமின்தான்! அந்த நொதிக்கு ரிவர்ஸ் ட்ரான்ஸ்க்ரிப்டேஸ் என்று பெயர் வந்தது. ஒரே ஒரு வருத்தம். இதைப் பார்க்க ரவுஸ் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் காலமானார்.

1975-ல் டெமின், பால்டிமோர், டுல்பெக்கோ மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு. பரிசளிப்பு விழா டிசம்பர் 10. அன்று டெமினுக்கு 41-வது பிறந்தநாள்!

நமக்கு என்ன லாபம்?

நிறைய இருக்கு. 1976-ல் பிஷப், வார்மஸ் குழுவினர், ரவுஸ் வைரஸில் உள்ள புற்றுநோய் மரபணு ஒரு காலத்தில் கோழியின் சாதாரண உயிரணுவிலிருந்து வைரஸ் தூக்கிக்கொண்டு போனதுதான் என்று காட்டினார்கள். வளர்ச்சியைக் கவனிக்கும் நல்ல மரபணு பழுதானால் அதுவே புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று புரிந்தது. 1983-ல் பாரிஸில் கண்டறியப்பட்ட எய்ட்ஸ் வைரஸும் இந்த ரெட்ரோவைரஸ் குடும்பம்தான். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி., டெமின் கண்டுபிடித்த அதே நொதியைத்தான் முடக்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை? அதில் வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுவதும் இதே நொதிதான். பேஸ்மெண்ட் வேலை நம்ம மூக்கு வரைக்கும் வந்துவிட்டது, பார்த்தீர்களா!

கடைசியாக ஒரு விஷயம்

ஸ்டாக்ஹோம் விழாவில் பெரிய மனிதர்கள் சூழ்ந்திருந்த சபையில், புற்றுநோயைத் தடுக்கக் கைவசம் உள்ள பெரிய வழி சிகரெட்டை விடுவதுதான், அதை உலகம் செய்யவில்லையே என்று டெமின் வெளிப்படையாகவே கோபப்பட்டார். பரிசு வாங்கிய இடத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிப் போகவில்லை.

அந்த மனிதர் 1994 பிப்ரவரி 9-ம் தேதி, 59 வயதில் இறந்தார். நுரையீரல் புற்றுநோய். சிகரெட் பிடிக்கும் பழக்கமே இல்லாதவர்!

இதை ஹாஸ்டலில் சொன்னபோது என் ரூம்மேட் சிரித்தான். பிடிக்காதவருக்கே வந்துச்சு, அப்புறம் நான் எதுக்கு விடணும் என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. மறுநாள் ஒர்க் ஷாப்பில் கிரைண்டிங் வீல் முன்னால் அவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் வந்தது. கண்ணாடி போட்டவனுக்கும் எப்போதாவது அடிபடுவது உண்டு. அதற்காக யாராவது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாணை பிடிப்பார்களா? நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான். மற்ற காரணங்கள் நம் கையில் இல்லாமல் போகலாம். இது நம் கையில், இரண்டு விரலுக்கு நடுவில் இருக்கிறது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்கு வரும்போது இப்போது டீ மட்டும் சொல்கிறான். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஆறு வருஷம் காத்திருந்த மனிதரின் கதையைப் படித்த பிறகு, நானும் கொஞ்சம் காத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

நண்பர்களே, வைவாவில் நாம் சொன்ன சரியான பதிலை யாராவது ஏற்காவிட்டால் உடனே மனசு உடைந்துபோகிறோம். அடுத்த முறை அந்தப் பேஸ்மெண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். இன்னொரு சோதனை செய்து காட்டுங்கள்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை