தாராபாய் ஷிண்டே: ஒரே நூலில் நிலைத்த சினம்

1881ஆம் ஆண்டு சூரத்தில் விஜயலட்சுமி என்னும் இளம் பார்ப்பன விதவைக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தான் ஈன்ற குழந்தையைக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைந்தது. அவருக்கு மறுமணத்தை மறுத்த சாதி ஒழுக்கம் கூண்டில் ஏற்றப்படவில்லை. பூனா ஏடொன்றோ பெண்களின் ஒழுக்கத்தையே பழித்தது.

1882இல் அதற்கு மறுமொழி தந்தவர் புல்டாணாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே. அவருடைய தந்தை ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தவர். 'ஸ்திரீ புருஷ் துலனா' என்ற தம் மராத்தி நூலில் தாராபாய் இரக்கம் கோரவில்லை. பெண்மீது சுமத்தப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆணின் முகத்திலேயே திருப்பி எறிந்தார். புராணக் கடவுளரையும் விட்டுவைக்கவில்லை. கட்டாய விதவைக்கோலம் பார்ப்பனரல்லாத சாதிகளுக்கும் பரவியதைச் சுட்டினார்.

அந்த ஏச்சும் எள்ளலும் புலேயின் தோழர்கள் சிலருக்கே பொறுக்கவில்லை. 1885இல் 'சத்சார்' இதழில் புலே அவருக்கு அரணாக நின்றார். ஆயினும் தாராபாயின் வேறு நூல் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. 1975இல் மறுபதிப்பு வரும்வரை அந்நூலும் மறக்கப்பட்டே கிடந்தது.

தாராபாய் மராத்தா குடும்பத்தவர், தலித் அல்லர். எனினும் நாம் அவரை வாசித்தாக வேண்டும். கட்டாய விதவைமை அகமணத்தைக் காக்கும் கருவி என அண்ணல் அம்பேத்கர் 1916இல் நிறுவினார். அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்ணின் சினம் அந்தப் புண்ணில் விரல் வைத்திருந்தது. தணிந்து பேசுமாறு நம் பெண்களுக்கு அறிவுரை கூறுவோர் இதை நினைவிற்கொள்க: தணிந்த குரல்களால் சொல்ல முடியாததைத்தான் அந்தச் சினம் சொன்னது.