ஓடக் கற்ற கால்கள்

அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் அன்று ஒரு சிறு நகராக இருந்தது. அங்கு ரயில்வே போர்ட்டராக உழைத்த எட் ருடால்ஃபுக்கும், வெள்ளையர் இல்லங்களில் வேலை பார்த்த பிளாஞ்சுக்கும் 1940 ஜூன் 23ஆம் நாள் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர் வில்மா ருடால்ஃப். எடை நாலரை பவுண்டு. தந்தையின் இரு மணங்களிலும் பிறந்த 22 மக்களுள் இவர் 20ஆம் குழந்தை. நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இறுதியில் இளம்பிள்ளை வாதம் இடக்காலின் வலுவைப் பறித்துக்கொண்டது. நடப்பதே அரிது என்றனர் மருத்துவர்.

கறுப்பின மக்களுக்கு மருத்துவம் செய்யும் மெஹாரி கல்லூரி 50 மைல் தொலைவில் நாஷ்வில் நகரில் இருந்தது. தாய் வாராவாரம் மகளைப் பேருந்தில் அழைத்துச் சென்றார். அமர்ந்தது பின்னிருக்கைகளில், அவ்வினத்தாருக்கு அன்று விதிக்கப்பட்ட இடம் அதுவே. வீட்டில் உடன்பிறந்தோர் முறைவைத்து, நாளொன்றுக்கு நான்கு தடவை அக்காலைத் தேய்த்துப் பிடித்துவிட்டனர். பெருமை வில்மாவுக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஏழைக் குடும்பமே கூடி ஒரு காலை உயிர்ப்பித்தது எனலாம்.

ஏழு வயதில்தான் பள்ளி வாயிலை மிதித்தார், அதுவும் காலில் பொருத்திய இரும்புச் சட்டத்துடன். யாரும் காணாத வேளைகளில் அதைக் கழற்றிவிட்டு நடந்து பழகினார். சட்டம் போய்த் தனிவகைக் காலணி வந்தது. பன்னிரண்டு வயதளவில் அதுவும் போயிற்று. பர்ட் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணியில் சேர்ந்தும், நெடுநாள் ஆடுகளத்தின் ஓரப்பலகையே அவருக்கு வாய்த்தது. பின்னர் ஆடவந்தபோது 25 ஆட்டங்களில் 803 புள்ளிகள் குவித்தார்.

ஓட்டத்திலும் தொடக்கம் தோல்விதான். அலபாமாவின் டஸ்கீகியில் நடந்த பெரும்போட்டியில் கலந்துகொண்ட பந்தயங்கள் அனைத்திலும் தோற்றுத் திரும்பினார். இயல்பாக அமைந்த விரைவு போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அத்தோல்வியே அவருக்கு உணர்த்தியது. டென்னசி அரசு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எட் டெம்பிளிடம் கோடைதோறும் பயின்றார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், 16 வயதில், தொடர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். 1960இல் ரோமில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம். 100 மீட்டர் ஓட்டத்திற்குச் சற்று முன்னர்க் கணுக்கால் பிசகியிருந்தது. தொடர் ஓட்ட இறுதியில் கோல் கைமாறும்போது தடுமாறியும் முந்தினார்.

இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கருமான் என்று கொண்டாடின. உவமை அழகியதுதான். ஆயினும் மான்கன்று பிறந்த சில நாழிகையில் ஓடத் தொடங்கிவிடும். இவரோ ஒவ்வோர் அடியையும் உழைத்துப் பெற்றவர். கவிஞர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டிய பிழை இது.

ஊர் திரும்பியபோது வரவேற்பு காத்திருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்து நிற்கும் விழாவாயின் தாம் வருவதில்லை என்று மறுத்துவிட்டார். அந்நகரில் இரு இனத்தாரும் ஒருங்கு கலந்த முதல் ஊர்வலமும் விருந்தும் அன்றுதான் நிகழ்ந்தன.

1962இல் ஓட்டத்தினின்று விலகி, 1963இல் கல்வியியலில் பட்டம் பெற்றார். பின் கிளார்க்ஸ்வில்லுக்கே சென்று குழந்தைகளுக்கு ஆசிரியையாகவும், தாம் பயின்ற பர்ட் பள்ளியில் ஓட்டப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். 1994 நவம்பர் 12ஆம் நாள், 54ஆம் வயதில் மறைந்தார்.