என்ஜினுக்கு நாடி பார்த்த பெண்மணி

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனி நாட்டில் ஒரு சாலை. மூன்று சக்கர வண்டி ஒன்று தடதடவென்று சத்தமிட்டுக்கொண்டு வந்தது. அதில் குதிரை பூட்டப்படவில்லை. திடீரென்று சத்தம் ஓய்ந்தது. வண்டி நின்றுவிட்டது.

வண்டியில் வந்தவர்கள் ஒரு தாயும் அவருடைய இரண்டு மகன்களும். அந்த வண்டியைப் பழுது பார்க்க வழியில் எந்த ஊரிலும் ஆள் கிடையாது. அதைச் செய்த கணவரோ வீட்டில் இருந்தார். இவர்கள் புறப்பட்டதே அவருக்குத் தெரியாது!

அந்தத் தாய் கலங்கவில்லை. தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியைக் கையில் எடுத்தார். சற்று நேரத்தில் வண்டி மறுபடியும் ஓடியது.

அந்த வீரத் தாயின் பெயர் பெர்த்தா பென்ஸ். மோட்டார் காரில் நெடுந்தூரம் சென்ற முதல் மனிதர் அவர்தான்.

சீதனப் பணம்

பெர்த்தா 1849-ம் ஆண்டு மே 3-ந் தேதி போர்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வீடு கட்டும் தொழில் செய்து செல்வம் சேர்த்தவர். பெர்த்தா பிறந்தபோது, மறுபடியும் பெண்ணாகப் போயிற்றே என்று குடும்ப பைபிளில் வருத்தத்தோடு எழுதி வைத்தார்கள் என்று சொல்வதுண்டு.

கார்ல் பென்ஸ் என்ற இளைஞருக்கும் பெர்த்தாவுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. கார்ல் நல்ல படிப்பாளி; ஆனால் கையில் காசு இல்லாதவர். மேன்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியோடு பட்டறை வைத்திருந்தார். அந்தக் கூட்டாளியால் தொல்லை வந்தது. பெர்த்தா தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிக் கொடுத்தார். அதைக் கொண்டு கூட்டாளியின் பங்கைத் தீர்த்தார்கள். பட்டறை பிழைத்தது.

1872-ல் திருமணம் நடந்தது. அக்காலத்துச் சட்டப்படி, கல்யாணமான பெண்ணின் சொத்து கணவன் பொறுப்புக்குப் போய்விடும். ஆகவே பணம் போட்டவர் பெர்த்தா என்றாலும், எந்தப் பத்திரத்திலும் அவர் பெயர் ஏறவில்லை.

கிளம்பாத என்ஜின்

இல்வாழ்க்கை கஷ்டத்தில் தொடங்கியது. கடன் ஏறியது. பட்டறைக் கருவிகள் ஜப்தியாகும் அளவுக்கு நிலைமை முற்றியது. குழந்தைகளும் பிறந்துவிட்டன. புதிதாக ஓர் என்ஜின் செய்து விற்றால்தான் குடும்பம் தலை நிமிரும் என்ற நிலை.

கார்ல் இரவும் பகலும் பாடுபட்டார். என்ஜின் உருவாகியது. ஆனால் கிளம்பவில்லை! சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. அவர் மனம் சோர்ந்தார்.

1879-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு. புத்தாண்டு பிறக்கச் சில மணி நேரமே இருந்தது. சாப்பாடு முடிந்ததும், இன்னும் ஒரே ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்று பெர்த்தா கணவரை அழைத்தார். இருவரும் பட்டறைக்குப் போனார்கள். கார்ல் சக்கரத்தைச் சுற்றினார். என்ஜின் ஓடத் தொடங்கியது! கணவனும் மனைவியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்கள். வெளியே புத்தாண்டு மணிகள் ஒலித்தன.

வாங்க ஆள் இல்லை

அதன் பிறகு கார்ல், பெட்ரோலைப் போன்ற எண்ணெயில் ஓடும் மூன்று சக்கரக் காரைச் செய்தார். 1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அதற்குக் காப்புரிமை கேட்டு மனுக் கொடுத்தார். அந்தக் காகிதத்திலும் கார்லின் பெயர் மட்டுமே இருந்தது.

கார் தயாராகிவிட்டது. ஆனால் வாங்க யாரும் வரவில்லை. குதிரை இல்லாத வண்டியைக் கண்டு சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். கார்லோ, இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று பட்டறைக்குள்ளேயே கிடந்தார்.

பெர்த்தா யோசித்தார். கார் வெகுதூரம் ஓடும் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சீதனமும் போச்சு, பதினைந்து வருஷத்து உழைப்பும் போச்சு!

சொல்லாமல் ஒரு பயணம்

போர்ஸ்ஹைமில் தாய் வீடு இருந்தது. தூரம் சுமார் 105 கிலோ மீட்டர். அதாவது 65 மைல். ஒரு நாள் அதிகாலை. கார்ல் தூங்கிக்கொண்டிருந்தார். பெர்த்தா தம் மூத்த பிள்ளைகளான ஆய்கன், ரிச்சர்டு இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். காரின் பின்புறம் ஒரு பெரிய சக்கரம் படுக்கைவாட்டில் இருக்கும். அதைக் கையால் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும்.

வழியில் எண்ணெய் தீர்ந்தது. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? துணியில் கறை எடுக்கும் லிக்ராயின் என்ற திரவம்தான் காருக்கு ஆகாரம். அது மருந்துக் கடைகளில் கிடைக்கும். வீஸ்லாக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் பெர்த்தா அதை வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடைக்கு இன்று பெயர்!

என்ஜின் சூடேறாமல் இருக்கத் தண்ணீரும் வேண்டும். அது ஆவியாகிக்கொண்டே இருந்தது. வழி நெடுகத் தண்ணீர் தேடி ஊற்றினார்கள்.

ஊசியும் பட்டியும்

ஓர் இடத்தில் என்ஜின் நின்றது. எண்ணெய் இருந்தது, ஆனால் என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. எண்ணெய் செல்லும் மெல்லிய குழாயில் அடைப்பு என்று பெர்த்தா கண்டுகொண்டார். தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார்.

மற்றோர் இடத்தில் எண்ணெய் சரியாக வந்தது, தீப்பொறிதான் வரவில்லை. எண்ணெய் ஆவி பற்றி எரியத் தீப்பொறி வேண்டும். அதற்கான மின்சாரம் போகும் கம்பியின் உறை தேய்ந்துபோயிருந்தது. மின்சாரம் வழியிலேயே வீணாயிற்று. பெர்த்தா தம் காலுறையை இறுக்கிக் கட்டியிருந்த பட்டியைக் கழற்றிக் கம்பியின் மேல் சுற்றினார். தீப்பொறி வந்தது. கார் கிளம்பியது!

சங்கிலி தளர்ந்தது. வழியில் ஒரு கொல்லர் சரிசெய்தார். மேடுகளில் கார் ஏறத் திணறியது. இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்தது. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு, கட்டைக்கு மேல் தோல் வைத்து அடிக்கச் செய்தார் பெர்த்தா. பிரேக்குக்கு உறை போடும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது.

பொழுது சாய்ந்த பிறகு மூவரும் போர்ஸ்ஹைம் சேர்ந்தார்கள். வந்து சேர்ந்த செய்தியைக் கார்லுக்குத் தந்தி மூலம் தெரிவித்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு அதே காரில் வீடு திரும்பினார்கள்.

பயணத்தின் பலன்

பெர்த்தா வெறுங்கையோடு திரும்பவில்லை. எங்கே அடைத்தது, எது தேய்ந்தது, எந்த மேட்டில் திணறியது என்று ஒவ்வொன்றாகக் கணவருக்குச் சொன்னார். மேடு ஏறுவதற்காகக் கார்ல் இன்னொரு கியர் சேர்த்தார்.

அதே ஆண்டு மியூனிக் பொருட்காட்சியில் காருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வியாபாரம் வளர்ந்தது. 1899-ல் மட்டும் பென்ஸ் கம்பெனி 572 கார்கள் செய்தது. உலகிலேயே பெரிய கார் கம்பெனி அப்போது அதுதான்.

1929-ல் கார்ல் காலமானார். பெர்த்தாவுக்கு 1944-ம் ஆண்டு மே 3-ந் தேதி 95 வயது நிறைந்தது. அன்று கார்ல் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு கௌரவப் பட்டம் அளித்தது. இரண்டே நாளில், மே 5-ந் தேதி, அவர் கண் மூடினார். அவர் கார் ஓட்டிச் சென்ற பாதை 2008 முதல் அவர் பெயரால் வழங்குகிறது.

இன்று மோட்டார் சைக்கிளோ, புல் வெட்டும் வண்டியோ கிளம்ப மறுத்தால் கோபத்தில் உதைப்பவர்கள் உண்டு. தொழில் தெரிந்தவர் உதைக்க மாட்டார். எண்ணெய் இருக்கிறதா, அது என்ஜினுக்குப் போகிறதா, தீப்பொறி வருகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். ஓர் ஊசியும் ஒரு பட்டியும் மட்டுமே கையில் இருந்தபோது, நடுச்சாலையில் நின்று பெர்த்தா பார்த்ததும் அந்த வரிசையைத்தான்.