சபாநாயகரான சித்தூர் வக்கீல்

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி பிறந்தவர் மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் பிறகு சட்டக் கல்லூரியிலும் படித்துத் தேறினார். சில காலம் கணக்கு ஆசிரியராக இருந்தார். 1915-ல் வக்கீல் தொழிலுக்கு வந்து, சித்தூரில் பெயர் எடுத்தார். காங்கிரசில் சேர்ந்து தேசத் தொண்டில் ஈடுபட்டார்.

சிலருக்கே ஓட்டு

1934-ல் டில்லி மத்திய சட்டசபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று எல்லோருக்கும் ஓட்டு இல்லை. குறிப்பிட்ட அளவு சொத்து உள்ளவர்கள், வரி கட்டுகிறவர்கள் போன்ற சிலருக்கே அந்த உரிமை. கழனியில் உழைத்த கூலியாள் வெளியே நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

வென்றவருக்கும் பாதுகாப்பு இல்லை. 1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் அய்யங்கார் சிறை சென்றார். 1942 போராட்டத்தில் மீண்டும் சிறைப்பட்டு, 1944-ல்தான் வெளியே வந்தார். மக்கள் பிரதிநிதியையே அன்னிய அரசு பூட்டி வைக்க முடிந்த காலம் அது.

தனித்தனிப் பெட்டி

பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அவர் இடம் பெற்றார். அந்தச் சபை வகுத்த சட்டம், 21 வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டுரிமை தந்தது. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் வந்தது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் இருந்தது.

வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. அதன் மேல் அவரது சின்னம். மறைவிடத்தில் இருந்த அந்தப் பெட்டிகளில் பிடித்த ஒன்றில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எழுத்து அறியாதவருக்கும் பிறர் துணை தேவைப்படவில்லை. பண்ணையாரோ, கடன் கொடுத்தவரோ எட்டிப் பார்க்க வழியில்லை. அந்த ஓட்டுகளால் அய்யங்கார் திருப்பதி தொகுதியில் வென்று, லோக்சபையின் முதல் துணை சபாநாயகர் ஆனார்.

1956-ல் மவலங்கர் மறைந்ததும் சபாநாயகர் பதவி அவரைத் தேடி வந்தது. 1957-லும் 1962-லும் சித்தூர் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1962 முதல் 1967 வரை பீகார் கவர்னராக இருந்தார். 1978 மார்ச் 19-ந் தேதி காலமானார்.

மாறாத மறைப்பு

இன்று பெட்டி போய் இயந்திரம் வந்துவிட்டது. ஓட்டு வயதும் 18 ஆகிவிட்டது. மறைப்பு மட்டும் மாறவில்லை. அதற்குள் நிற்கும் சில விநாடிகளில் முதலாளியும் தொழிலாளியும் ஒன்றே. பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்களும், குடியிருக்கும் இடத்தின் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்து, இந்த உரிமையை நழுவ விடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.