அறிஞர் டிசார்டு

பொன்னும் பொருளும் பிறர்க்கு ஈந்தால் நம்பால் குறையும். அறிவோ ஈயுந்தோறும் பெருகும். இவ்வுண்மையை யாவரும் ஒப்புவர். ஆயினும், பகைவர் வாயிலில் வந்து நிற்கும் வேளையில், நாட்டைக் காக்கும் மறைபொருளை அயல்நாட்டார் கையில் விலை பேசாது அளிக்கத் துணிபவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் சர் ஹென்றி டிசார்டு என்னும் ஆங்கில அறிஞர்.

டிசார்டு 1885ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள், இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துக் கில்லிங்காம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கடற்படை அதிகாரி. கடலை அளந்து படம் வரைவதில் வல்லவர். மைந்தரும் கடற்படையிற் சேரவே விழைந்தார். ஒரு கண்ணின் பார்வைக் குறை அதற்குத் தடையாயிற்று. அதனால் மனந்தளராது ஆக்ஸ்போர்டிலும் பெர்லினிலும் விஞ்ஞானம் பயின்றார். முதல் உலகப் பெரும்போரில் விமானம் ஓட்டக் கற்று, தாமே வானிற் பறந்து ஆராய்ச்சிகள் நிகழ்த்தினார். 1929ஆம் ஆண்டில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவரானார்.

1935ஆம் ஆண்டில், வான்வழித் தாக்குதலைத் தடுக்கும் வழிகளை ஆராய ஒரு குழு அமைந்தது. டிசார்டு அதன் தலைவரானார். வானொலி அலைகள் விமானத்தின்மீது பட்டு மீள்வதைக் கொண்டு, அதன் தொலைவையும் திசையையும் அறியும் ராடார் கருவிக்கு அக்குழு ஆதரவளித்தது. கருவி மட்டும் இருந்தாற் போதாது. அது தரும் செய்தியைப் பயன்படுத்த வீரரும் பழகவேண்டும் என்பதை டிசார்டு உணர்ந்தார். ஆகவே, 1936ஆம் ஆண்டிலேயே பிக்கின்ஹில் விமானத் தளத்தில் அதற்குரிய பயிற்சிகளை நடத்துவித்தார். 1940ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்கள் திரள்திரளாக வந்தபோது, அப்பயிற்சி இங்கிலாந்தைக் காத்தது.

அவ்வாண்டு ஜூன் திங்களில் பிரான்சு வீழ்ந்தது. இங்கிலாந்தில் அறிவு இருந்தது. அதனைக் கருவிகளாக்கப் போதிய தொழிற்சாலைகள் இல்லை. அமெரிக்காவில் தொழில்வளம் மிக்கிருந்தது. ஆனால் அந்நாடு அப்போது போரில் இறங்கவில்லை. மறைபொருள்களைக் கைம்மாறு பெறாமல் கொடுத்தல் தகுமோ எனப் பலர் ஐயுற்றனர். தலைமை அமைச்சர் சர்ச்சிலும் தயங்கிய பின்னரே இசைந்தார். விமான அமைச்சகத்தில் தாம் வகித்த ஆலோசகர் பொறுப்பை டிசார்டு சிலநாள் முன்னரே துறந்திருந்தார். எனினும், மனக்குறையைப் பாராட்டாது தூதுக்குழுவின் தலைமையை ஏற்றார்.

ஆகஸ்டுத் திங்களில் அவர் விமானத்தில் முன்னே சென்றார். கனடா அறிஞரோடு கலந்து பேசிய பின்னர் வாஷிங்டன் நகரை அடைந்தார். குழுவினர் ஒரு கரிய பெட்டியுடன் கப்பலிற் பின்தொடர்ந்தனர். அப்பெட்டியில் மாக்னெட்ரான் என்னும் சிறுகருவி இருந்தது. அதனைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய ராண்டாலும் பூட்டும் அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஆக்கியிருந்தனர். ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை அது மிக்க வலிமையோடு எழுப்பியது. உயர்ந்த கோபுரங்களை வேண்டிநின்ற ராடாரை, விமானத்துள் வைத்துச் செல்லுமாறு சிறிதாக்க அது வழி திறந்தது.

அமெரிக்க அறிஞர் அதன் ஆற்றலைக் கண்டு வியந்தனர்; தம் ராடார் ஆய்வுகளையும் ஒளிக்காது காட்டினர். 1940ஆம் ஆண்டு முடியுமுன்னரே, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. நாளடைவில் ஏறத்தாழ 4,000 பேர் அதிற் பணிபுரிந்தனர். 1943ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் காண, இவ்வகை ராடார்கள் பெரிதும் உதவின.

டிசார்டு 1959ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் மறைந்தார். அவர் பெருங்கருவி எதனையும் தாமே கண்டுபிடித்தவரல்லர். அறிஞரையும் வீரரையும் இணைத்தார். பின்னர் நாட்டையும் நாட்டையும் இணைத்தார். நண்பரை நம்பி முதலில் கை நீட்டுதலும் ஒரு வீரமே என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.