ஜார்ஜ் பூல்

நம் அடையாற்றுப் பக்கத்துக் கல்லூரிகளிற் கணிப்பொறி நுட்பம் பயில்வோர் முதற்கண் கற்பவற்றுள் ஒன்று பூலியன் இயற்கணிதம். அப்பெயர்க்குரிய ஜார்ஜ் பூல் என்பாரின் சரிதத்தைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அவர் 1815-இல் இங்கிலாந்திலுள்ள லிங்கன் நகரிற் செருப்புத் தைப்பவர் மகனாய்த் தோன்றினார். வறுமையாற் சர்வகலாசாலை ஏறாது, 16-ஆம் வயதிலேயே உபாத்திமைத் தொழில் பூண்டு பெற்றோரைத் தாங்கி, ஓய்ந்த வேளைகளிற் கணிதத்தைத் தாமே கற்றனர். பட்டமொன்றும் பெறாத அவரையே 1849-இல் அயர்லாந்து தேசத்துக் கார்க் நகரக் கல்லூரி கணிதப் பேராசிரியராக்கிற்று.

1854-இல் வெளியிட்ட நூலில் மெய்யை 1 எனவும் பொய்யை 0 எனவும் கொண்டு தர்க்கத்தையே கணக்காக்கினார். இரு கூற்றுக்களுள் ஒன்று பொய்யாயினும் பெருக்கற்பலன் 0. இரண்டும் மெய்யாயினன்றி அது 1 ஆகாது. இத்துணை எளிதோவென நாமும் முதலில் ஐயுற்றோம்.

மறுவருடம் அவர் மணந்த மேரி அம்மையார், 1802-இல் நம் பரங்கிமலையருகே லாம்டன் துரை தொடங்கிய நிலவளவையைப் பின்னர் நடத்திய எவரெஸ்டு துரையின் சகோதரர் புதல்வியாவார்.

1864-இல் ஒருநாள் மழையில் நனைந்தவாறே கல்லூரிக்கு நடந்து, ஈர உடையுடன் பாடஞ் சொன்னார். விடுமுறை கொண்டிருக்கலாம், கொண்டிலர். அதனால் வந்த நோயால் டிசம்பர் 8-இல், 49-ஆம் வயதிற் காலமானார். அந்நாளில் அவர் கணக்கினாற் பயன் கண்டோர் மிகச் சிலரே. 1937-இல் கிளாடு ஷானன் என்னும் அமெரிக்க மாணாக்கர், மின்விசைகளின் திறப்பும் அடைப்பும் அக்கணக்கிற்கே அடங்குமென நிறுவினார்.