ஸ்டான்லி கிப்பன்ஸ்

எட்வர்ட் ஸ்டான்லி கிப்பன்ஸ் (ஜூன் 21, 1840 – பிப்ரவரி 17, 1913) அஞ்சல்தலை வணிகத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஆங்கிலேயர் ஆவார். உலகின் முதல் அஞ்சல்தலையான கறுப்புப் பென்னி வெளியான மறுமாதம், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுக நகரில் பிறந்தார். 1856 இல் தந்தையின் மருந்துக்கடையிலேயே அஞ்சல்தலைகளை விற்கத் தொடங்கினார்.

1863 இல் மாலுமிகள் இருவரிடமிருந்து நன்னம்பிக்கை முனையின் முக்கோண அஞ்சல்தலைகள் அடங்கிய மூட்டையொன்றை 5 பவுண்டுக்கு வாங்கினார். அவற்றைச் சில்லறையாக விற்றுப் பெரும் இலாபம் ஈட்டினார் எனக் கூறப்படுகிறது. 1865 இல் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டார். விலை அச்சில் இருந்ததால், தொலைவில் வாழ்ந்தோரும் பேரமின்றி அஞ்சல்வழி வாங்க முடிந்தது.

1874 இல் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தார். 1890 இல் தமது வணிகத்தைச் சார்லஸ் பிலிப்ஸ் என்பவருக்கு 25,000 பவுண்டுக்கு விற்று ஓய்வு பெற்றார். இந்தியாவின் பழைய அஞ்சல்தலைகளை விற்போரும் வாங்குவோரும் அவற்றைக் கிப்பன்ஸ் பட்டியல் எண்ணால் குறிப்பிடுவது இன்றும் வழக்கிலுள்ளது.